தமிழில் டெஸ்ட் பண்ணாததை டெஸ்ட் பண்ணியதாகச் சொல்லாதே

மாத்தளை டவுனில் ஒரு ரவுண்டு நடந்து பாருங்கள். மூன்று மாதத்தில் வெப் டெவலப்பர், ஆறு மாதத்தில் ஃபுல் ஸ்டாக் எஞ்சினியர் என்று சுவர் முழுக்க போஸ்டர். நான் யாரையும் நக்கல் அடிக்க வரவில்லை. ஏ.எல் எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த மாதங்களில் நானும் அப்படி ஒரு வகுப்பில்தான் ரியாக்ட் படித்தேன். செய்ய வேண்டிய வேலைகளைப் பட்டியல் போடுகிற ஒரு பக்கம், வானிலை காட்டுகிற ஒரு பக்கம், கடைசியில் ஒரு ஷாப்பிங் சைட். சர்டிபிகேட் கையில் வந்தது.

அந்த வகுப்பில் கேட்ட இரண்டு வசனங்கள் இன்றைக்கும் காதில் இருக்கு. ஒன்று: "டெஸ்டிங் எல்லாம் கியூஏ ஆக்கள் பார்ப்பாங்க." இரண்டாவது: "தமிழ் வேணும்னா கடைசியில ஒரு மொழிபெயர்ப்பு ஃபைல் போட்டா சரி."

இந்தக் கட்டுரை அந்த இரண்டு வசனங்களுக்கும் எதிரானது. டெஸ்ட் கடைசி வேலை இல்லை. தமிழும் கடைசி வேலை இல்லை. இரண்டையும் கடைசியில் தள்ளுகிறவன் செலவை மிச்சம் பிடிக்கிறான். அந்தச் செலவை நம் அம்மாக்கள் கட்டுகிறார்கள்.

சும்மா உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லவில்லை. போன வருஷம் அம்மாவுக்குச் சீனி பார்க்க ரத்தம் கொடுக்க ஓர் இடத்துக்குக் கூட்டிப் போனேன். எந்த இடம் என்பது இங்கே முக்கியமில்லை, எந்த இடத்திலும் நடக்கக்கூடியதுதான். கம்பியூட்டரில் தமிழில் பெயர் பதிந்தார்கள், சந்தோஷமாக இருந்தது. குப்பியில் ஒட்டின ஸ்டிக்கரில் பெயர் பாதியில் வெட்டுப்பட்டிருந்தது. "அது அப்படித்தான் வரும்" என்றார்கள். அடுத்த மாதம் போனபோது தேடினால் அம்மாவின் பெயரே இல்லை. "சிஸ்டத்துல இல்ல அம்மா, புதுசா போடுறேன்" என்றது கவுண்டரில் இருந்த பிள்ளை. அந்தப் பிள்ளை மேல் ஒரு பிழையும் இல்லை. இப்போது அம்மாவுக்கு இரண்டு நம்பர். போன மாத ரிப்போர்ட் ஒரு நம்பரில், இந்த மாதம் எழுதின மருந்து இன்னொரு நம்பரில். டாக்டர் பழைய ரிப்போர்ட்டைக் கேட்டார். ஸ்கிரீனில் ஒன்றும் வரவில்லை. "பரவாயில்ல விடு" என்றார் அம்மா. எனக்கு விட முடியவில்லை.

ஒரு பெயரை எடுத்துப் பார்ப்போம்

அம்மாவின் பெயரை இங்கே எழுதவில்லை. அதே மாதிரிச் சிக்கல் வரக்கூடிய ஒரு பெயரை வைத்துக்கொள்வோம்: கௌசல்யாதேவி.

நம் கண்ணுக்கு இது 6 எழுத்து. கௌ, ச, ல், யா, தே, வி. பாலர் பாடசாலைப் பிள்ளையும் சரியாக எண்ணும். ஜாவாஸ்கிரிப்டில் இந்தப் பெயரின் நீளத்தைக் கேட்டால் 11 என்று சொல்லும். ஏனென்றால் யூனிகோடில் மெய்யுரு தனி, அதன் மேல் வருகிற உயிர்க்குறி தனி, புள்ளி தனி. ஆக, "ஸ்டிக்கர் சின்னது, பெயருக்கு 10 எழுத்து போதும்" என்று ஒரு டெவலப்பர் முடிவெடுத்தால், 6 எழுத்துப் பெயர்கூட அதற்குள் அடங்காது. ஸ்டிக்கரில் "கௌசல்யாதேவ" என்று வரும். வட்டத்துக்குள் முதலெழுத்தைக் காட்டுகிற அந்த அழகான ஐகானில் "கௌ" வராது, வெறும் "க" வரும்.

இதைத் திருத்த முடியாதா? முடியும். எழுத்துக் கூட்டங்களாகப் பிரித்துத் தருகிற செக்மென்டர் என்கிற வசதி இப்போது பிரவுசர்களிலேயே இருக்கு. ஆனால் அதுவும் மந்திரக்கோல் இல்லை. "ஸ்ரீ" என்று தொடங்குகிற பெயரைக் கொடுத்தால் முதல் எழுத்து "ஸ்" என்று பிரித்துவிடும். இது டாக்குமென்டேஷனைப் படித்துத் தெரிகிற விஷயம் இல்லை, ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். டெஸ்ட் என்பது வேறென்ன?

தேடினால் ஏன் கிடைக்கவில்லை? "கௌ" என்பதை எழுத குறைந்தது மூன்று வழி இருக்கு. ககரத்தோடு ஔகாரக் குறி ஒரே குறியாக வருவது ஒரு வழி. எகரக் கொம்பும் ஔகாரத்தின் வால் பகுதியும் தனித்தனிக் குறிகளாக வருவது இரண்டாவது. இந்த இரண்டையும் யூனிகோட் சமமாகவே பார்க்கிறது. சேமிக்கும்போதும் தேடும்போதும் நார்மலைஸ் என்று ஒரு வரி போட்டால் ஒன்றாகிவிடும். மூன்றாவதுதான் வில்லங்கம். கொம்பு போட்டு, க போட்டு, பக்கத்தில் ளகரத்தைத் தட்டுவது: "கெள". பல ஃபொன்டுகளில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. நம் ஆட்களில் பல பேர் அப்படித்தான் தட்டுகிறார்கள், நானும் தட்டியிருக்கிறேன். இதை எந்த நார்மலைசேஷனும் திருத்தாது. கம்பியூட்டரின் பார்வையில் அது வேறு சொல்.

சரி, கெள என்று வருகிற எல்லாவற்றையும் கௌ என்று மாற்றிவிடுவோமா? அப்படிச் செய்தால் கெளுத்தி மீனும் சேர்ந்து மாறிப்போகும். ஆகவே பதிந்ததைத் திருத்தக் கூடாது. தேடும்போது மட்டும் இரண்டு வடிவத்தையும் சேர்த்துத் தேட வேண்டும். இந்த முடிவை ஒஸ்லோவிலோ சான் ஃபிரான்சிஸ்கோவிலோ இருக்கிற ஒருத்தர் எடுக்க மாட்டார். அவருக்குக் கெளுத்தி தெரியாது. உனக்குத் தெரியும்.

இன்னும் ஒன்று சொல்கிறேன், இது நல்ல மனசுக்காரர்கள் செய்கிற பிழை. பெயர்ப் பெட்டியில் இங்கிலீஷ் எழுத்து மட்டும்தான் வரலாம் என்று ரெஜெக்ஸ் எழுதியவர்களை இப்போது யாரும் ஏற்பதில்லை. அதனால் "எந்த மொழியின் எழுத்தும் வரலாம்" என்று மாற்றுகிறார்கள். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கு! ஆனால் யூனிகோடின் பிரிவுகளில் க, ச, த எல்லாம் எழுத்து, அதன் மேல் வருகிற கால், கொம்பு, புள்ளி எல்லாம் எழுத்து இல்லை, குறி. ஆக "எழுத்து மட்டும்" என்ற விதியில் கமல் என்ற பெயரே தோற்றுப்போகும், கடைசியில் புள்ளி இருக்கிறதே! குறிகளையும் சேர்த்து அனுமதிக்க வேண்டும். இது ஒரு வரித் திருத்தம். ஆனால் தமிழ்ப் பெயர் ஒன்றைப் போட்டு ஒரு தடவை ஓட்டிப் பார்த்த ஆளுக்கு மட்டும்தான் அந்த ஒரு வரி தெரியும்.

லயத்துக்குக் கூரை ஒன்று

இப்போது பேக்கேஜ் விஷயத்துக்கு வருவோம். முன்பு ஒரு சிஸ்டம் என்றால் ஒரே பெரிய கட்டடம். இப்போது முன்பக்கத்தையே துண்டு துண்டாகப் பிரித்துக் கட்டுகிறார்கள். ஓபன்எம்ஆர்எஸ் இதற்கு நல்ல உதாரணம். 2004 இல் தொடங்கி, கென்யாவில் எச்.ஐ.வி. சிகிச்சைப் பதிவுகளைக் காப்பாற்ற வேண்டிய தேவையோடு வளர்ந்த திறந்த மூல மருத்துவப் பதிவு மென்பொருள். அதன் புதிய முன்பக்கம் ஓ3. அதில் நோயாளியைப் பதிவது ஒரு பேக்கேஜ், தேடுவது ஒரு பேக்கேஜ், நோயாளியின் முழுக் கோப்பையும் காட்டுவது ஒன்று, அப்பொயின்ட்மென்ட் ஒன்று. ஒவ்வொன்றும் தனித்தனியாக என்பிஎம்மில் வெளியாகும். ஓர் ஆஸ்பத்திரி தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் பொதுவான வேலைகள் கோர் என்கிற அடிப்படைப் பேக்கேஜ்களில் இருக்கும்.

எனக்கு இது லயத்தை ஞாபகப்படுத்தும். அறைகள் தனித்தனி. ஒரு வீட்டில் பெயின்ட் அடிக்கலாம், பக்கத்து வீட்டில் அடிக்காமல் விடலாம். ஆனால் கூரை ஒன்று. ஒரு தகரம் காற்றில் எழும்பினால் வரிசையில் இருக்கிற எல்லா வீடும் நனையும்.

கூரை நனைந்த கதை உலகத்துக்கே ஒரு தடவை நடந்தது. 2016 மார்ச்சில் லெஃப்ட்பேட் என்கிற ஒரு பேக்கேஜை அதை எழுதியவர் என்பிஎம்மிலிருந்து தூக்கிவிட்டார். மொத்தமே 11 வரி. ஒரு சொல்லின் இடது பக்கத்தில் இடைவெளி நிரப்புகிற வேலை, அவ்வளவுதான். அதை நம்பியிருந்த பேபல் போன்ற பெரிய பெரிய கருவிகள் உலகம் முழுக்கக் கட்ட முடியாமல் நின்றன. சில மணி நேரத்தில் என்பிஎம் நிறுவனமே அதைத் திருப்பிப் போட வேண்டி வந்தது. சின்னப் பேக்கேஜ் என்பதால் சின்ன விஷயம் என்று அர்த்தமில்லை.

அம்மாவின் விஷயத்திலும் கூரைப் பிரச்சினைதான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். இப்படிப் பிரித்துக் கட்டின சிஸ்டம்களில் வழக்கமாக நடப்பது இதுதான். பதிகிற பேக்கேஜுக்கு அதன் டெஸ்ட் எல்லாம் பாஸ். தேடுகிற பேக்கேஜுக்கு அதன் டெஸ்ட் எல்லாம் பாஸ். ஸ்டிக்கர் அடிக்கிற பேக்கேஜுக்கும் பாஸ். மூன்று பச்சை டிக். ஆனால் ஒன்று நார்மலைஸ் செய்து சேமிக்கும், மற்றது நார்மலைஸ் செய்யாமல் தேடும், மூன்றாவது எண்ணி வெட்டும். பிழை எந்தப் பேக்கேஜுக்குள்ளும் இல்லை, இரண்டு பேக்கேஜுக்கு நடுவில் இருக்கு. நடுவில் இருப்பதை யார் டெஸ்ட் பண்ணுகிறார்கள்? யாரும் இல்லை. அது யாருடைய அறையும் இல்லையே.

அதனால் பெயரைக் கையாளுகிற வேலை ஆளுக்கு ஒரு விதமாக ஒவ்வொரு பேக்கேஜிலும் இருக்கக் கூடாது. கோரில் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். அதற்கு மேல், பதிந்து, தேடி, அச்சடித்து, மூன்றிலும் அதே பெயர் வருகிறதா என்று பார்க்கிற ஒரு டெஸ்ட் முழு வரிசைக்கும் இருக்க வேண்டும்.

பச்சை டிக்கின் பொய்

டெஸ்ட் எழுதுகிறவர்களையும் சும்மா விடப்போவதில்லை. பல ரியாக்ட் திட்டங்களில் டெஸ்ட் ஓடும்போது மொழிபெயர்ப்பு நூலகத்தையே மொக் செய்துவிடுவார்கள். அதாவது உண்மையான நூலகத்தை எடுத்துவிட்டு, இங்கிலீஷ் வசனத்தை அப்படியே திருப்பித் தருகிற ஒரு டம்மியை வைப்பார்கள். வேகமாக ஓடும், எழுதச் சுலபம். காரணம் புரிகிறது. ஆனால் அதன் அர்த்தம் என்ன? அந்தத் திட்டத்தின் ஆயிரம் டெஸ்டும் இங்கிலீஷில் மட்டுமே ஓடுகின்றன. கவரேஜ் 90 சதவீதம் என்று பேட்ஜ் போட்டால் தமிழுக்கு அது பூச்சியம்.

இரண்டாவது பொய், ஜெஸ்ட் மாதிரியான கருவிகள் பயன்படுத்துகிற ஜேஎஸ்டொம். அது உண்மையான பிரவுசர் இல்லை. அதற்கு அகலமும் தெரியாது, உயரமும் தெரியாது. "சேவ்" என்ற பட்டனில் "சேமிக்கவும்" என்று போட்டால் எழுத்து பட்டனுக்கு வெளியே வழிகிறதா, வரி உயரம் போதாமல் மேலே இருக்கிற புள்ளி வெட்டுப்படுகிறதா என்று அதனால் சொல்லவே முடியாது. அதற்குப் பிளேரைட் மாதிரி உண்மையான பிரவுசரைத் திறந்து பார்க்கிற கருவி வேணும், சின்னப் போன் திரையின் அகலத்தில். நம் ஆட்களிடம் இருப்பது அந்தப் போன்தான்.

மூன்றாவது, ஸ்னாப்ஷாட். ஒரு தடவை படம் பிடித்து வைத்துக்கொண்டு அடுத்த தடவை அதே மாதிரி இருக்கிறதா என்று பார்க்கிற டெஸ்ட். பிழையைப் படம் பிடித்தால் பிழைதான் சட்டமாகும். மாறினால் எல்லோரும் என்ன செய்கிறோம்? அப்டேட் கட்டளையைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போகிறோம். மறுக்காதே.

பெயர் என்றால் நமக்கு என்ன

சிலருக்கு இதெல்லாம் பெரிய விஷயமாகத் தெரியாது. "ஒரு எழுத்து வெட்டுப்பட்டா என்ன மச்சான்?"

தலைமன்னாரிலிருந்து காடு வழியாக மாத்தளை வரை நடந்து வந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள். வழியில் விழுந்து செத்தவர்கள் எத்தனை பேர் என்று யாரும் ஒழுங்காக எழுதி வைக்கவில்லை. பிறகு வந்தவர்களுக்குத் தகரச் சீட்டு கொடுத்தார்கள். அதில் தோட்டத்துக்கு ஓர் அடையாளம், ஆளுக்கு ஓர் எண். பெயர் தேவைப்படவில்லை. 1948 இன் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, தகப்பன் வழி முன்னோர் இங்கே பிறந்ததைக் காகிதத்தில் காட்டச் சொன்னது. காகிதம் இல்லாதவன், காகிதத்தில் பெயர் வேறாக இருந்தவன், எல்லோரும் வெளியே. இன்றைக்கும் உங்கள் வீட்டு இரும்புப் பெட்டியைத் திறந்து பாருங்கள். தாத்தாவின் பெயர் பிறப்புப் பதிவில் ஒரு மாதிரி, ஐடியில் இன்னொரு மாதிரி, ஈபிஎஃப் கடிதத்தில் மூன்றாவது மாதிரி. தமிழ் தெரியாத கிளார்க் காதில் விழுந்தபடி எழுதினார். அந்த மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க ஜீஎஸ்ஸிடமும் பிரதேச செயலகத்திலும் சத்தியக் கடதாசியோடு நின்ற அனுபவம் இல்லாத மலையகக் குடும்பம் இருக்கா?

2023 இல், வந்து 200 ஆண்டு ஆனதை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபவனி வந்தது. நம்மில் பலர் அதில் நடந்தோம், போட்டோ போட்டோம். சரி. இப்போது கிளார்க்கின் பேனா இருந்த இடத்தில் ஒரு பேக்கேஜ் இருக்கு. கிளார்க் ஒரு தோட்டத்தின் பெயர்களைக் கெடுத்தார். பேக்கேஜ் ஒரே நேரத்தில் அதை நிறுவியிருக்கிற எல்லா இடத்திலும் கெடுக்கும். ஒரு வித்தியாசம்: அன்றைக்குப் பேனா நம் கையில் இல்லை. இன்றைக்கு அந்தப் பேக்கேஜின் சோர்ஸ் கோட் திறந்துதான் கிடக்கு. திருத்தி அனுப்பலாம். நாம் அனுப்புவதில்லை.

பெயர் மட்டுமா? முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு பெட்டி. நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பாவின் பெயரைப் போட்டால், கல்யாணம் ஆனபின் சிலர் கணவன் பெயரைப் போட, அதே பெண்ணுக்கு இன்னொரு பதிவு. முகவரியில் வீதி இலக்கம் கட்டாயம். எல்கடுவைப் பக்கம் ஒரு டிவிஷனில் லயத்து அறைக்கு எந்த வீதி? கட்டாயம் என்று சிவப்பு நட்சத்திரம் போட்டவர் ஒரு தடவைகூட இந்த மலைக்கு வந்ததில்லை. அவருக்குச் சொல்ல வேண்டிய ஆள் யார்?

"நம்மால முடியுமா?"

இந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள், எரிச்சல் வரும். 2004 சுனாமி வந்து சில வாரங்களுக்குள் காணாமல் போனவர்களைத் தேடவும் முகாம்களைப் பதியவும் சஹானா என்ற மென்பொருளைக் கட்டியது இந்த நாட்டின் ஆட்கள். அடுத்த வருஷம் பாகிஸ்தான் பூகம்பத்துக்கு அதையே கொண்டுபோனார்கள். 2020 ஜனவரியில் இங்கே முதல் கொவிட் நோயாளி உறுதியான அதே மாதத்தில், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களைப் பின்தொடர்வதற்கான ஏற்பாட்டைச் சுகாதார அமைச்சோடு சேர்ந்து ஹிஸ்ப் ஸ்ரீலங்கா டிஎச்ஐஎஸ்2 மேல் கட்டியது. ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் அந்த மென்பொருளை வளர்க்கிறவர்கள் இலங்கையின் வேலையை அடிப்படையாக வைத்துப் பொதுவான ஒரு தொகுப்பு செய்து மற்ற நாடுகளுக்குக் கொடுத்தார்கள். கூகுளின் சமர் ஒஃப் கோட் திட்டத்தில் முதல் பத்து ஆண்டுகளில் உலகத்திலேயே அதிக மாணவர்களைச் சேர்த்த பல்கலைக்கழகம் மொறட்டுவை.

ஆக நாட்டுக்கு முடியும். தமிழுக்குத்தான் ஆள் இல்லை. 1987 இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி ஆனது என்று மேடையில் முழங்குகிறோம். அந்தத் திருத்தம் கோடுக்குள் தானாக வந்து இறங்காது.

மூன்று சாக்குகள்

"எல்லாரும் இங்கிலீஷ்லதானே பெயர் பதியிறாங்க." ஆமாம், ஏன் என்று யோசித்தீர்களா? தமிழில் பதிந்தால் வெட்டுகிறது, தொலைக்கிறது. அதனால் இங்கிலீஷுக்கு ஓடுகிறோம். ஓடிவிட்டோம் என்பதையே காட்டி, தமிழ் தேவையில்லை என்கிறார்கள்.

"ஏஐ இப்ப எல்லாத்தையும் மொழிபெயர்த்துடும்." மொழிபெயர்க்கட்டும். கௌசல்யாதேவியை யாரும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. வெட்டாமல் வைத்திருக்கத்தான் சொல்கிறோம். ஏஐ எழுதித் தருகிற கோடும் பெயரை எண்ணி வெட்டும், அது படித்த கோடெல்லாம் அப்படித்தான். அதைப் பிடிக்க டெஸ்ட் இன்னும் அதிகமாக வேணும்.

மூன்றாவது சாக்கு அல்ல, நியாயமான கேள்வி. ஒரு தங்கச்சி கேட்டாள்: "நம்ம பாட்டி பிரட்டுக்களத்துல நின்னு வெள்ளைக்காரனுக்கு உழைச்சாங்க. இப்ப நாங்க சும்மா கோட் எழுதி அவங்களுக்கே குடுக்கணுமா?" இதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. திறந்த மூலம் என்ற பெயரில் பெரிய கம்பெனிகள் இலவச உழைப்பை உறிஞ்சுவது உண்மை. அதனால் நான் சொல்வது இதுதான்: அவர்களுடைய ஃபீச்சரை ஓசியில் கட்டிக் கொடுக்காதே. உன் பெயருக்கான டெஸ்டை எழுது. அது அவர்களுக்குச் செய்கிற சேவை இல்லை. அந்த டெஸ்ட் ஒரு தடவை உள்ளே போய்விட்டால், பிறகு உலகத்தில் எந்த மூலையில் யார் அந்தக் கோடை மாற்றினாலும் உன் பெயர் உடைந்தால் சிவப்பு விளக்கு எரியும். பிழை இருப்பது தெரியாமல் அவர்கள் அடுத்த பதிப்பை வெளியிடுவது கஷ்டம். அவனுடைய வாசலில் நம்முடைய ஆளை நிறுத்துவது மாதிரி. மொழிபெயர்ப்பு ஃபைலால் அதைச் செய்ய முடியாது. ஃபைல் பாட்டுக்கு இருக்கும், பெயர் பாட்டுக்கு உடையும்.

கூலி விஷயத்தில் சண்டை வேறு இடத்தில் போட வேண்டும். அரசாங்கக் காசில் வாங்குகிற எந்த மென்பொருளுக்கும், தமிழிலும் சிங்களத்திலும் டெஸ்ட் பாஸ் ஆகாமல் கடைசித் தவணைக் காசைக் கொடுக்காதே என்று கேட்போம். டெண்டர் பத்திரத்தில் "மும்மொழி" என்று எழுதினால் போதாது, எந்தப் பெயர்களை வைத்து எப்படிச் சோதிப்பது என்று எழுத வேண்டும். அப்போது அந்தச் சோதனையைச் செய்ய ஆள் வேணும், அந்த ஆளுக்குச் சம்பளம் வேணும். சிங்களத்தில் இதே நோய் இருக்கு, யூனிகோட் அங்கேயும் குறிகளைத் தனித்தனியாகத்தான் வைத்திருக்கு. கூட்டாளிகள் கிடைப்பார்கள்.

என்ன செய்வோம்

மாத்தளையிலிருந்து ஒரு பேக்கேஜ் வெளியிடுவோம். பெரிசா ஒன்றும் இல்லை, ஒரு பெயர்ப் பட்டியல். கௌவில் தொடங்குகிற பெயர், அதையே கெள என்று தட்டினது, ஸ்ரீயில் தொடங்குகிற பெயர், குடும்பப் பெயரே இல்லாத ஒற்றைப் பெயர், முன்னால் இனிஷியல் புள்ளியோடு வருகிற பெயர், கொம்பும் காலும் பிரிந்து பதிந்த கொ, வீதி இல்லாத தோட்ட முகவரி, பழைய பாமினி ஃபொன்டில் தட்டி வெட்டி ஒட்டினால் வருகிற குப்பை. உண்மையான ஆட்களின் விபரம் எதுவும் வேண்டாம், நாமே உருவாக்கின பெயர்கள் போதும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எதிர்பார்க்கிற விடை: எத்தனை எழுத்து, முதல் எழுத்து எது, எதோடு எது பொருந்த வேண்டும், எதோடு எது பொருந்தக் கூடாது. யார் வேண்டுமானாலும் தங்கள் டெஸ்டுக்குள் அதை இழுத்துக்கொள்ளலாம். கெளுத்தியும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

கோட் எழுதத் தெரியாதவர்களுக்கும் இதில் வேலை இருக்கு. உங்கள் பாட்டியின் பெயரை மூன்று காகிதத்தில் மூன்று விதமாக எப்படி எழுதியிருந்தார்கள் என்று உங்களுக்குத்தான் தெரியும். அந்த வகைப் பிழைகளைச் சொல்லுங்கள், அதை டெஸ்ட் ஆக்குவது எங்கள் வேலை.

வகுப்பு நடத்துகிற அண்ணன்மாருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பேட்ச்சுக்கு அந்த ஷாப்பிங் சைட்டை விடுங்கள். ஒரு பெயர்ப் பெட்டியைக் கட்டச் சொல்லுங்கள். பிள்ளைகளின் சொந்தப் பெயரைத் தமிழில் போட்டு, சேமித்து, தேடி, அச்சடித்துக் காட்டச் சொல்லுங்கள். வெட்டாமல் வந்தால் சர்டிபிகேட் கொடுங்கள்.

அம்மாவுக்கு இன்னும் இரண்டு நம்பர்தான். அடுத்த மாதம் திரும்பக் கிளினிக் இருக்கு. இரண்டு அட்டையையும் ஒரு பையில் போட்டு, மேலே பேனாவால் முழுப் பெயரையும் எழுதி வைத்திருக்கிறார். இப்போதைக்கு அந்தப் பேனா எழுத்து மட்டும்தான் சரியாக இருக்கு.